இருவகை உயிரணுக்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பது முதுமொழி. அம்மொழியின் உண்மையை யாம் ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே நின்று அறிந்தோம். அவ்வறிவை உடன்பயிலும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இச்சிறு கட்டுரையை வரையத் துணிந்தோம்.

விருதுநகரைச் சூழ்ந்த கரிசற்காட்டில் மழை பொய்த்தல் புதுமையன்று. ஆதலின் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து ஊரார் பலர் விடியற்காலையிலேயே பட்டாசுச் சாலைகளுக்கும் தீப்பெட்டிச் சாலைகளுக்கும் புறப்பட்டுவிடுவர். எம் தெருவினராய், எமக்கு அண்ணன் முறையினராய் உள்ள ஒருவர், மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்துவந்தார். எம் பக்கத்தில் வெடிக்கும் பொடிக்கும் மருந்தென்றே பெயர். பிணி தீர்க்கும் பொருட்கும் மருந்தென்றே பெயர். ஒருநாள் முதலாவது மருந்து உராய்வினாற் பற்றி எரிந்தது. இரு கைகளும் மார்பும் வெந்தன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் மூண்ட தீயில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டதை மறவாத எம்மூரார், அன்று மீண்டும் வாய்விட்டழுதனர்.

தீ அவரைக் கொல்லவில்லை. ஆயினும் ஆபத்து நீங்கவில்லை. தோலென்னும் மதில் வெந்தழிந்த இடத்திற் கிருமிகள் குடிபுகுந்தன. புண்ணினின்று பசுமை கலந்த சீழ் வடிந்தது. சூடோமோனாசு என்னும் பாக்டீரியாவின் வேலை அஃது என்று சொல்லி, மருத்துவர் அமிக்காசின் என்னும் மருந்தை ஊசி வழியே செலுத்தினார். அதன் பின்னர் நாள்தோறும், "காதில் இரைச்சல் கேட்கிறதா?" என்று வினவிச் சென்றார்.

அண்ணன் எம்மை நோக்கி, "கை வெந்து கிடக்கிறேன், காதைக் கேட்கிறார்களே! நீ படிக்கிற பிள்ளையாயிற்றே, ஏன் தம்பி?" என்றார். யாம் விடையறியாது தலை கவிழ்ந்தோம். அதற்கு முந்தின வாரந்தான் இருவகை உயிரணுக்களின் வேற்றுமைகளை அட்டவணையாக எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்றிருந்தோம்!

விடுதிக்கு மீண்டு அப்பாடத்தையே மறுபடியும் எடுத்துப் பயின்றோம். ஆய்வுக்கூடத்தில் வெங்காயத் தோலை அயோடின் இட்டு நுண்ணோக்கியில் நோக்கினால், ஒவ்வோர் அறையிலும் ஓர் உட்கரு தெளிவாய்த் தோன்றும். தயிரிலுள்ள பாக்டீரியாவைச் சாயமிட்டு நோக்கினாலோ அத்தகைய உட்கரு காணப்படாது. 'கேரியான்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கொட்டை, பருப்பு என்பன பொருள். நிலக்கடலையை உடைத்து உள்ளே பருப்பைக் காணும் விருதுநகரத்தார்க்கு இப்பெயர் எளிதில் விளங்கும். பருப்பு தோன்றுவதற்கு முற்பட்டது புரோகேரியோட்டு. செவ்விய பருப்புடையது யூகேரியோட்டு.

சட்டப்படி அமைந்த பட்டாசுச் சாலையில் மருந்து கலக்கும் அறையும், செலுத்தும் அறையும், சரக்கறையும் இடைவெளி விட்டுத் தனித்தனியே நிற்கும். யூகேரியோட்டு அணுவும் அத்தகையதே. மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. உட்கருவினுள் இருக்கும், உணவை எரித்து ஆற்றல் தரும் வேலை மைட்டோகாண்டிரியாவில் நடைபெறும், செரிக்கும் நொதிகள் லைசோசோம் என்னும் பையினுள் அடைபட்டிருக்கும். புரோகேரியோட்டு அணுவோ ஓரறைக் குடிசை. வளையமாய்ச் சுருண்ட டி.என்.ஏ.வும் பிறவும் ஒரே கூடத்திற் கிடக்கும். நம் அணுக்களிற் பல 10 முதல் 30 மைக்ரான் அளவின. பாக்டீரியாவோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரானே. சிறிதென்று இகழற்க. ஏற்ற சூழல் வாய்ப்பின் எசரிக்கியா கோலை போன்ற பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும்.

இனி ஒற்றுமையைக் காண்போம். இருவகை அணுவுக்கும் சவ்வு உண்டு, டி.என்.ஏ. உண்டு, அதன் குறிகளைப் படித்துப் புரதம் சமைக்கும் ரைபோசோமும் உண்டு. குறிகளின் மொழியும் ஏறக்குறைய ஒன்றே. ஆயின் ரைபோசோமின் அளவும் அமைப்பும் சிறிது வேறுபடும்: பாக்டீரியாவினது 70எஸ், நம்முடையது 80எஸ். அமிக்காசின் அச்சிறு வேற்றுமையைப் பற்றிக்கொண்டு, பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டி, அது பிழையான புரதங்களைச் சமைக்குமாறு செய்கிறது. சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பாக்டீரிய ரைபோசோமின் சிறு பகுதியின் வடிவையும், அதில் இவ்வின மருந்துகள் சில ஒட்டும் இடத்தையும் 2000-ஆம் ஆண்டில் தம் குழுவினரோடு வெளியிட்டார். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009-ஆம் ஆண்டு நோபெல் பரிசினை வேறிருவரோடு பகிர்ந்து பெற்றார்.

அங்ஙனமாயின் காதுக்கு வந்த கேடு யாது? நம் அணுவினுள் இருக்கும் மைட்டோகாண்டிரியா பழங்காலத்தில் தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியாவின் வழித்தோன்றல். லின் மார்குலிசு 1967-ஆம் ஆண்டில் இக்கருத்தை வற்புறுத்தி எழுதினார். இன்று அறிஞர் அதனை ஒப்புகின்றனர். அதற்குத் தனி டி.என்.ஏ. உண்டு, பாக்டீரியாவினதை ஒத்த ரைபோசோமும் உண்டு. பகைவனை நோக்கி எறிந்த வேல் அவன் உறவினன் மேலும் படுதல் போல, மருந்து அதனையும் தாக்கக்கூடும். உட்செவியின் நுண்மயிரணுக்கள் கெடுவதற்கு இஃது ஒரு காரணமெனக் கருதுகின்றனர். தாய்வழி வரும் சிறு மாற்றமொன்று அவ்வொற்றுமையை மிகுவிக்கும்; அதனையுடையார்க்குச் சில ஊசிகளிலேயே செவி கெடுதலும் உண்டு. அழிந்த மயிரணு மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. மருத்துவர் நாள்தோறும் வினவியதன் காரணம் இப்போதுதான் எமக்குப் புலனாயிற்று.

பத்தாம் நாள் அண்ணன், "வண்டு இரைவதுபோற் கேட்கிறது" என்றார். உடனே மருந்தை மாற்றினர். இரு திங்கள் கழித்து, ஒட்டுத்தோல் பிடித்துப் புண்ணாறி, அவர் வீடு திரும்பினார். அன்று யாம் எம் விடையைச் சொன்னோம். சற்றே சிந்தித்து, "அப்படியானால் பகையாளியின் பங்காளி எனக்குள்ளேயே குடியிருக்கிறானா?" என்றார். "ஆம் அண்ணா, அவன் இல்லையேல் விடும் மூச்சும் பயன்படாது" என்றோம். அவர் நகைத்தார். வலச்செவி சிறிது மந்தமாகையால், இடப்புறம் வந்தமர்ந்து இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். யாமும் இடம் மாறியமர்ந்து, முதலிலிருந்து சொன்னோம்.