புகையிலைத் தோட்டங்களூடே

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் முதலிய ஊர்களிலே செம்மண் தோட்டங்களைக் காண்பர். தை, மாசி மாதங்களில் நாம் அவ்வழியே செல்வோமாயின், வெங்காயப் பாத்திகளுக்கு அருகே அகன்ற இலை விரித்து நிற்கும் புகையிலைக் கன்றுகளும் கண்ணிற்படும். உணவு விளையும் நன்னிலத்தில் உண்ணத் தகாத பயிர் எதற்கு என்னும் வினா, மாணவர் பலர்க்கும் எழக்கூடியதே.

விடை நிலத்திலேயே தொடங்குகின்றது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக்கற் பாறையிலே தேங்கும் மாரிமழை நீரைக் கிணற்றால் இறைத்தே தோட்டஞ் செய்தல் வேண்டும். அன்று துலா மிதித்தனர். இன்று இயந்திரம் இறைக்கின்றது. சில பரப்புக் காணியே உடைய கமக்காரர், இறைத்த நீருக்குக் கூடிய பணந் தரும் பயிரை நாடுதல் இயல்பு.

வெங்காயம் மலிந்த காலத்தில் வந்த விலைக்கே விற்றாக வேண்டும், வைத்தால் அழுகிவிடும். பொச்சும் ஊமலும் எரித்துப் புகையூட்டிய புகையிலையோ மாதக்கணக்கில் இருக்கும். நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். மொத்தமாக வரும் அப்பணமே கடனை அடைக்கும். பிள்ளைகளின் படிப்புக்கும் உதவும். மேலும், புகையிலைக்கெனப் பட்டி அடைத்தும் குழை தாழ்த்தும் இட்ட பசளையின் எச்சத்திலே, அடுத்து விதைக்கும் குரக்கனும் செழிக்கும்.

இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் காலத்திலேயே இவ்விலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அச்சந்தை பிற்காலத்தில் ஒடுங்கியபோதும், வெற்றிலையும் சுருட்டும் பயிரைக் காத்தன.

எனினும், இதன் தீங்கை மறைத்தல் தகாது. புகைப்போரையும் மெல்லுவோரையும் அது நோயாளராக்குகின்றது. ஈர இலையைக் கையாளுவோருக்கும் அதன் நஞ்சு தோல்வழி ஏறி, தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாகும். மிகுதியாக இடும் உரம் கசிந்து, நாம் பருகும் கிணற்று நீரையே கெடுக்கும்.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2003 இல் ஏற்றது. அதன் 17 ஆம் பிரிவு, பயிரிடுவோர்க்கு மாற்று வாழ்வாதாரம் காட்டுமாறு கூறுகின்றது. 2020 இற்குள் இப்பயிர்ச்செய்கையை நிறுத்துவதாக அரசு அறிவித்திருந்தும், அவ்வாண்டு வந்து சென்றது, பயிர் நின்றபாடில்லை. விலை ஏறும்வரை வெங்காயத்தைக் கெடாது வைத்திருக்கக் களஞ்சியமும், விளைவதற்கு முன்னரே உறுதியான விலையும் கிடைக்குமாயின், கமக்காரர் தாமாகவே இவ்விலையைக் கைவிட வழி பிறக்கும். அவற்றை அமைத்துக் கொடாது அவரை மட்டும் குறை கூறுதல் நமக்கு முறையாகுமா?