ஜொகூர் காட்டு மனிதனும் ஒரு பிரெஞ்சுப் படைப்பும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், காஹாங்கிலிருந்து செம்பனைத் தோட்டங்களைக் கடந்து, எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாயிலான கம்போங் பெத்தாவை அடைய, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் மண்பாதையில் செல்ல வேண்டும். 2005 இறுதியில் இத்தகைய ஜொகூர்க் காடுகளில் பேருருவ மனிதக் குரங்கொன்று காணப்பட்டதாகச் செய்தி பரவியபோது, மாநில அரசே தேடுதலுக்கு முன்வந்தது. அவ்வுருவம் ‘மாவாஸ்’ எனவும், ‘ஹந்து ஜாராங் கிகி’, அதாவது இடைவெளிவிட்ட பற்களுடைய பேய் எனவும் வழங்கப்பட்டது. 2006-இல் சான்றாகப் பேசப்பட்ட படங்களோ, ஆதிமனிதரைப் பற்றிய பிரெஞ்சுப் படைப்பொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை எனத் தெரியவந்தது.

நம்பியவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்குவது அநீதியாகும். புலியும் யானையும் உண்மையிலேயே உலவும் அக்காட்டில் இன்னுமொரு விலங்கு மறைந்திருக்கலாம் என எண்ணுவதற்கு இடமுண்டு. அரசும் நாளேடுகளும் பேசத் தொடங்கிய பின் ஐயம் எழுப்புவோரின் குரல் எளிதில் எடுபடுவதில்லை. ஏற்கெனவே நம்பியதற்கு இசைவானதை மட்டுமே கண் தேடிக் காண்பதை உளவியலார் உறுதிப்பாட்டுச் சார்பு என்பர். எடுத்துக்காட்டாக, சூரியக் கரடி நடக்கையில் அதன் முன்னங்கால் தடத்தின்மீது பின்னங்கால் பதிந்து, ஈரச் சேற்றில் இரண்டும் ஒன்றாகி, ஐந்து விரல்களுடன் நம்புவோர் கண்ணுக்கு நீண்ட மனிதப் பாதம்போல் தோன்றக்கூடும்.