நிரலுக்கும் வேண்டும் சொல்லடைவு



நம் பழைய நூற்பதிப்புகளின் இறுதியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி இடம்பெறுவதுண்டு. பாடலின் முதற்சொல் தெரிந்தால் போதும், பக்கம் கிட்டிவிடும். கணினி நிரல்களுக்கும் இத்தகைய அடைவு உண்டு.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில்கின்றார். மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற மென்பொருளை வளர்த்தெடுக்கும் பணி அவருக்கு வாய்த்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள்! எந்தச் செயற்கூறு எங்கே எழுதப்பட்டுள்ளது எனத் தேடுவதிலேயே நாள்கள் கழிந்தன. "ஐயா, இதைப் படிப்பதைவிடப் புதிதாகவே எழுதிவிடலாம் போலிருக்கிறது" என்று சலித்துக்கொண்டார். பிறர் உழைப்பு வீணாகிவிடுமோ என்று எனக்குக் கவலை பிறந்தது.

'சிடேக்ஸ்' என்னும் கருவி, ஒவ்வொரு செயற்கூற்றின் பெயரையும் அது உள்ள கோப்பையும் இடத்தையும் பட்டியலிட்டுத் தரும். ஆனால், நிரலைத் திருத்தத் திருத்த அப்பட்டியல் பழையதாகிவிடும். ஆகவே, அவர் அப்பணியை 'மேக்' கருவியிடம் ஒப்படைத்தார். 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் பெல்ட்மன் உருவாக்கிய 'மேக்', கோப்புகள் திருத்தப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, மாற்றம் கண்டவற்றை ஒட்டியே மீண்டும் ஆக்கும். மூலநிரல் கோப்புகளைச் சார்ந்தது அடைவு என்று ஒரு விதி எழுதி, மென்பொருளை ஆக்கும்போதெல்லாம் அவ்விதியும் இயங்குமாறு அவர் இணைத்தார். அதன்பின் அடைவு பழையதாகவே இல்லை. அவரும் மென்பொருளைக் கைவிடவில்லை.

இது சிறுவர் விளையாட்டன்று. இரண்டு கோடி வரிகளுக்கும் மேற்பட்ட லினக்ஸ் கருநிரலிலும் 'மேக் டேக்ஸ்' என்னும் கட்டளை உண்டு. அங்கே ஒரே பெயருடைய செயற்கூறு, வெவ்வேறு செயலி வகைகளுக்கெனத் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். அவற்றுள் எது இம்முறை ஆக்கத்தில் சேர்ந்தது என்பதை ஆக்கும் கருவியே நன்கறியும். ஆக்கத்தில் சேர்ந்த கோப்புகளுக்கு மட்டும் அடைவு தயாரிக்கவும் அங்கே வழியுண்டு. அடைவுப்பணி ஆக்கும் கருவியோடு இணைந்திருக்க வேண்டிய காரணம் இதுவே.

நிரல் எழுதக் கற்பிக்கும் நாம், பிறர் எழுதிய நிரலைப் படிக்கவும் கற்பிக்கின்றோமா? அடுத்த முறை மாணவர்கள் திட்டப்பணியை ஒப்படைக்கும்போது, அதனுடன் அடைவை ஆக்கும் விதியும் இருக்கிறதா எனக் கேட்டுப் பாருங்கள். பின்னால் வரும் தம்பி தங்கையர்க்கு அது வாயிற்கதவாக அமையும்.