தூண்டில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை

மீன் வாங்குவது, ஆய்வது, குழம்பு வைப்பது பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. மீன் பிடிக்கப் போகிற மனிதருக்குப் பை கட்டிக் கொடுப்பது பற்றிக் கொஞ்சம் பேசலாமா? அதுவும் அந்த மனிதர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவராக இருந்தால்?

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லஸ் பக்கம். இங்கே 'பாஸ்' என்று ஒரு மீன். நம் ஊர்க் கொடுவாவை இங்கிலீஷில் ஸீ பாஸ் என்பார்களே, அது வேறு. இது ஏரி மீன்; பச்சை உடம்பு, விலாவில் கறுப்புப் பட்டை, கண்ணைத் தாண்டிப் போகிற பெரிய வாய். இதன்மேல் இந்த ஊர்க்காரர்களுக்கு உள்ள பித்து சொல்லி மாளாது. கிழக்கே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் லேக் ஃபோர்க் என்று ஓர் ஏரி. மாநிலத்தின் சாதனை மீன், 18 பவுண்டுக்கு மேல், 1992-ல் அங்கேதான் பிடிபட்டது. என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பித்து பிடித்து மூன்று வருஷமாகிறது.

அவருடைய சாமான்களை அவரே அடுக்கிக்கொள்வார். ரீல், தங்கூசி, ஊதா நிற ரப்பர் புழு, ரப்பர் தவளை என்று நாலு நாள் முன்பிருந்தே கூடத்தில் கடை பரப்பல்! அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் மருந்து, சாப்பாட்டுப் பை என் பொறுப்பு. அவர் மீனை நினைத்து மூட்டை கட்டுவார். நான் அவர் உடம்பை நினைத்துக் கட்டுவேன்.

சென்ற ஜூன் மாதம் போனதைச் சொல்கிறேன். கோடையில் வெயில் ஏறினால் இந்த மீன் ஆழத்துக்குப் போய்விடும். விடிகிற நேரத்தில்தான் கரையோரம் இரை தேடி வரும். ஆகவே அதிகாலை 3 மணிக்கே கிளம்ப வேண்டும். சர்க்கரைக்காரருக்கு வம்பு இங்கேதான் ஆரம்பம். காலைப் பலகாரம் எப்போது, ஊசி எப்போது? இதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினை, தட்டு கண்ணெதிரே இருந்தால்தான் போட வேண்டும். "மீன் கடிக்குது, அஞ்சு நிமிஷம்" என்று ஊசியைப் போட்டுவிட்டு இட்லியைத் தள்ளிப்போடும் பேச்சே கூடாது.

இன்னொன்று. சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும் என்று நமக்குத் தெரியும். ஜூன் வெயிலில் படகில் நிற்பவருக்கு எப்படியும் வேர்க்கும். பெரிய மீன் இழுத்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? அடையாளமெல்லாம் மறைந்துபோகும். உஷ்ணத்தில் இன்சுலின் உடம்பில் சீக்கிரமாகவும் ஏறும். அதனால் 'உடம்பு சொல்லும்' என்று நம்பாமல், விரலைக் குத்தி மீட்டரில் பார்த்தே ஆக வேண்டும். படகைத் தானே ஓட்டப் போகிறார் என்றால் கட்டாயம் அதற்கு முன். பழச்சாறு பட்ட விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ஆகவே கை கழுவ ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் தனியாக வைத்தேன்.

இன்சுலின் பேனாவை மீன்காரர்களின் ஐஸ் பெட்டியில் போடக்கூடாது. உறைந்தால் அது வீண். வெயிலில் விட்டாலும் வீண். அகல வாய் பிளாஸ்க்கில், துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் வைத்தேன். குளூக்கோஸ் மாத்திரைக் குழாயை மட்டும் பையில் வைக்கவில்லை. பை எங்கேயோ கிடக்கும். மாத்திரை ஆள்மேல் இருக்க வேண்டும். மிதவைச் சட்டையின் ஜேபியிலேயே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அளவு 70-க்குக் கீழே போனால் 15 கிராம், அதாவது 4 கிராம் மாத்திரை என்றால் நாலு. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும்.

அவசரத்துக்கு இரண்டு வாழைப்பழமும் வைத்தேன். "ஐயையோ, படகிலே வாழைப்பழம் ராசியில்லையாம், அவர் ஏத்தமாட்டார்!" என்று இவர் எடுத்து வெளியே வைத்துவிட்டார். நம் ஊரில் சுப காரியத்துக்கு முதலில் வைக்கும் பழம், இங்கே மீன்காரர்களுக்கு அபசகுனம். சரி, திராட்சை போயிற்று.

செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. சர்க்கரைக்காரர் காலில் தூண்டில் முள் குத்தினால் லேசில் ஆறாது, உறைக்காமலும் போகலாம். கூடவே உலர்ந்த காலுறை இரண்டு ஜோடி.

மாமியார் தூத்துக்குடியிலிருந்து போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கொண்டாரும்போது எத்தனை கிலோ இருக்கும் தாயீ?" என்றார். அந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரையுள்ள பாஸைப் பிடித்தால் திரும்ப விட்டாக வேண்டும், அது சட்டம் என்றேன். "திரும்ப விடுறதுக்கா இம்புட்டுப் பாடு?" நான் என்ன பதில் சொல்ல!

எல்லாம் கட்டி முடித்த பிறகுதான் பெரிய சங்கதி வெளியே வந்தது. படகுக்காரரான அவருடைய சிநேகிதருக்கு இன்சுலின் விஷயமே தெரியாது. மூன்று வருஷமாக!

"எதுக்கும்மா சொல்லணும்? நோயாளின்னு நினைச்சுக் கூப்பிடாம விட்டுட்டா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் ரிடையரான பிறகு இவருக்கு வாய்த்த ஒரே சிநேகிதம் அது என்பதும் எனக்குத் தெரியும். மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊட்டக்கூடாது, மூக்கில் செலுத்தும் குளூககான் மருந்தை அடித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். படகில் இருப்பது இரண்டே பேர். விழுந்தவர் எப்படித் தானே அடித்துக்கொள்வார்? அந்த மருந்தை மேஜைமேல் அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

கொஞ்ச நேரம் ரப்பர் புழுக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வர இருபது நிமிஷமாயிற்று.

"என்ன சொன்னார்?"

"மருந்து எந்த ஜேபியில இருக்கும்னு கேட்டார். ரெண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் அந்தத் தவளை கொண்டுவர மறக்காதேன்னார்."

மறுநாள் காலை 10 மணிக்கு போன் வந்தது. மீட்டரில் 112, நாலு இட்லி சாப்பிட்டாயிற்று, 19 அங்குல மீன் ஒன்று பிடித்து விட்டாயிற்று. மூன்றையும் அதே வரிசையில்தான் சொன்னார்.