நிறத்தைக் கூட்டாத படம்

ஜூலை 22

ஆடி பிறந்துவிட்டது. கல்யாண ஆர்டர் இல்லை. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்களோடு சரி. இந்த ஓய்வில்தான் ஸ்டூடியோ அண்ணன் எனக்கு லைட்டிங் சொல்லித்தருகிறார். லைட்டுக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகக் குறையும் என்பது விஸ்காமில் இரண்டு மார்க் கேள்வி. இன்று சாஃப்ட்பாக்ஸை மூன்றடியிலிருந்து ஆறடிக்குத் தள்ளிவைத்து, அதைத் தம்பியின் முகத்தில் பார்த்தேன். சுளையாக இரண்டு ஸ்டாப்.

தம்பி என்னைப் போலவே நல்ல கறுப்பு. லைட்டை நேர் முன்னால் வைத்தால் நெற்றி மட்டும் எண்ணெய் வழிகிற மாதிரி தெறிக்கிறது, கன்னம் தட்டையாகிவிடுகிறது. லைட்டைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், எதிர்ப்பக்கம் தெர்மகோல் அட்டையைப் பிடித்ததும் கன்ன எலும்பில் நீளமாக ஒரு பளபளப்பு விழுந்தது. முகம் எழுந்து வந்தது. “வெளுத்த முகத்துக்கு நிழல் வடிவம் குடுக்கும்; நம்ம முகத்துக்கு இந்தப் பளபளப்புதான் குடுக்கும்” என்றார் அண்ணன். கல்லூரியில் எங்களுக்குக் காட்டிய மாதிரிப் படங்களில் கறுத்த முகமே இருந்ததில்லை.

ஆகஸ்ட் 3

கோடாக் நிறுவனம் பிரின்ட் போடும் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ பற்றிப் படித்தேன். கார்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக விழுந்தால் மெஷினின் கலர் சரி என்று கணக்கு. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பழுப்பு நிறம் படத்தில் ஒழுங்காக வரவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமைத் திருத்த முனைந்தார்கள் என்று, இதை ஆராய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார். சாக்லேட்டுக்குக் கிடைத்த கவனிப்பு மனிதத் தோலுக்கு முதலில் கிடைக்கவில்லை. படித்துவிட்டு வெகுநேரம் தூங்க முடியவில்லை.

பிலிம் காலம் போய்விட்டது. ஆனால் கேமராவின் மீட்டர் இன்றும் அடிப்படையில் எதிரே இருப்பதை நடுத்தரச் சாம்பல் நிறமாக வைத்தே அளக்கிறது. வெள்ளை வேட்டியும் எல்.இ.டி. ஜொலிக்கும் மணவறையும் பிரேமை அடைத்துக்கொண்டால் அது வெளிச்சத்தைக் குறைக்கும். பெண்ணின் முகம் இருட்டுக்குள் போகும். அப்புறம் எடிட்டிங்கில் முகத்தை மட்டும் வெளுக்க ஆரம்பிப்பார்கள்.

ஆகஸ்ட் 29

ஆவணி முகூர்த்தம். பெண் போட்டோகிராபர் என்பதால் மணப்பெண் அறைக்குள் என்னை விட்டார்கள். மேக்கப்காரர் இன்னும் வரவில்லை. பெண் முகம் கழுவி, ஈரம் துடைக்காமல் கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். 50 எம்.எம். லென்ஸ். ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து, அது காட்டியதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்தேன். அப்படியே எடுத்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் ஈரத்தில் பட்டு, தோலின் நிறம் முழுசாக வந்தது.

மேக்கப் முடிந்தபோது முகம் ஒரு நிறம், மருதாணிக் கை வேறு நிறம். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர்களின் லைட் நேராக அடித்தது. கிடைத்ததை எடுத்தேன்.

செப்டம்பர் 10

ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். “பாப்பா, முகம் கொஞ்சம் கலரா வரணும்மா” என்றார். எடிட்டர் ஆரஞ்சு லூமினன்ஸை வலப்பக்கம் இழுத்தார். முகம் வெளுத்தது, கூடவே நகையும் வெளிறியது, பக்கத்தில் நின்ற தாய்மாமன் சாம்பல் பூசியவர் போலானார். அண்ணன் ஜன்னல் படத்தையும் காட்டினார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா சம்பந்தி வீட்ல பாப்பாங்கள்ல” என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என்னவெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்களோ. என் வருத்தமெல்லாம் தொழில்மேல்தான். எந்த ஆர்டரானாலும் முகத்தை வெளுத்துக் கொடுப்பதை நாங்களே பழக்கமாக்கிவிட்டோம். அதையே தரம் என்று வாடிக்கையாளரையும் நம்ப வைத்துவிட்டோம். லைட் தெரிந்தவர்கள் முதலில் நல்ல படத்தை எடுத்துக் கண்முன் வைக்க வேண்டும்.

செப்டம்பர் 18

காந்திநகர் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) போட்டோகிராபி டிசைன் எம்.டெஸ். படிக்க நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன். “அவ்வளவு தூரம் போய்ப் படிச்சுட்டு மறுபடியும் கல்யாணத்துக்குத்தானே போகப்போற?” என்று அம்மா கேட்டாள். ஆமாம், போவேன். நம் ஊரில் ஒரு சாதாரணக் குடும்பம் காசு கொடுத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்வது கல்யாணத்தில்தான். அந்தப் படத்தில் அவர்கள் அவர்களாகவே இருக்க வேண்டும். அதற்குத்தான் படிக்க நினைக்கிறேன்.

போர்ட்ஃபோலியோவில் முதலில் ஜன்னல் படத்தை வைக்க ஆசை. ஆனால் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு வாங்கி எடுத்த படத்தின் முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே. அது இருக்கட்டும்; முகம் அவளுடையது. போன் செய்து கேட்டேன்.

“அந்தக் காபி குடிக்கிற போட்டோவாக்கா? தாராளமா வைங்க. எனக்கும் ஒரு பிரின்ட் போட்டுக் குடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சாயங்காலம் லேபுக்குப் போய் 12-க்கு 18 மேட் பேப்பரில் இரண்டு பிரின்ட் சொன்னேன். ஆர்டர் சீட்டில் ‘கலர் கரெக்‌ஷன் வேண்டாம்’ என்று எழுதி, கவுன்டரில் வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன்.