குழாயைப் பார், கயல்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். நூறு வயதுப் பள்ளிக்கூடங்களில் ஏறி இறங்கும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் ஒரு படத்திலாவது குழாய் எங்கே போகிறது என்று தெரிகிறதா, சொல்லு! ரேடியேட்டரின் அழகை மட்டும் எடுத்து அனுப்பியிருக்கிறாய்.

ஒரே குழாய் வந்து, எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேற ஒரு சின்ன வால்வு இருந்தால் அது ஒற்றைக்குழாய் முறை. நீராவி ஏறுவதும் தண்ணீர் இறங்குவதும் அந்த ஒரே வழியில்தான். இரண்டு குழாய் இருந்து, வெளியேறும் வாயில் கைமுஷ்டி அளவில் ஒரு உலோகக் குமிழ் தெரிந்தால் அது டிராப். தண்ணீரை விடும், நீராவியை மறிக்கும். அதன் மூடியைப் பார். வெப்ஸ்டர், டன்ஹாம், ஹாஃப்மன் என்று பெயர் வார்த்திருக்கும். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வகுப்பில் பிள்ளைகள் வேர்த்துக் கொட்ட, அடுத்த வகுப்பில் கோட்டோடு உட்கார்ந்திருந்தால் முதலில் இந்த டிராப்பைச் சந்தேகப்படு. பல சமயம் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். ரேடியேட்டரையே கழற்றி எறியச் சொல்லி எழுதிவிடாதே.

ஜன்னலுக்குக் கீழே இருக்கும் பெரிய இரும்புப் பெட்டி வெறும் ரேடியேட்டர் இல்லை. சுவர் வழியாக வெளிக்காற்றை இழுத்து, நீராவிச் சுருள்மேல் ஓட்டி அறைக்குள் விடும் யூனிட் வென்டிலேட்டர். ஹெர்மன் நெல்சன், நெஸ்பிட் என்று பெயர்த்தகடு தேடு. சுவர் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் ஒயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் போனால், அது காற்றழுத்தத்தில் ஓடுவது. அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் இந்தத் துறையை வளர்த்த வாரன் ஜான்சன் விஸ்கான்சினில் வாத்தியாராக இருந்தவர். அறைச் சூட்டைப் பாய்லர்காரருக்குத் தெரிவிக்கும் கருவிக்கு 1883இல் காப்புரிமை வாங்கினார். பள்ளிக்கூடத்தில் பிறந்த யோசனை அது. எனக்கு அதில் தனிப் பெருமை.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். அந்தக் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பூச்சு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பெயர் தேடுகிறேன் என்று அதைச் சுரண்டாதே, தட்டாதே, கிழிந்த இடத்தின் பக்கத்தில் நிற்காதே. 1986ஆம் வருஷ அமெரிக்கச் சட்டப்படி ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கிறது என்ற பதிவைப் பள்ளிக்கூடம் வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்டியாக வேண்டும். உன் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் தூங்கமாட்டாள்.

பாய்லர் அறைக்குள் கால் வைக்கும் முன் அந்தப் பதிவை வாங்கிப் படித்துவிடு, கண்ணு.

அன்புடன்,
மாமா