மலையிறங்கிய ஓவியங்கள்

எங்கள் ஊரில் ஓவியம் என்று சொன்னால் பெரியவர்கள் போடி ஜமீன் அரண்மனையின் இலட்சுமி விலாசத்துச் சுவரோவியங்களைத்தான் நினைப்பார்கள். அந்த இராமாயணக் காட்சிகளை யாரும் எங்கும் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. மழைநீர் இறங்காமல் கூரையைக் காத்தால் பாதிக் கவலை தீரும். தாளில் வரைந்த ஓவியத்திற்கு அந்தப் பாக்கியம் இல்லை. அது வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது, கைமாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் அழிகிறது. அப்படிப் பதினொரு ஓவியங்களை என் கையாலேயே அழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் எனக்கு ஓவியம் கற்பித்த வாத்தியார், ஓய்வு பெற்றபின் போடிமெட்டுக்கு அப்பால் தம் தமையனாரின் ஏலத்தோட்டத்து வீட்டில் குடியேறினார். ஏலச்செடிகளையும் அவற்றுக்கு நிழல் தரும் பெருமரங்களையும், குனிந்து காய் எடுக்கும் பெண்களையும், மழைக்காலத்து மூடுபனியையும் நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டே இருந்தார். ஒன்றையும் விற்றதில்லை; கண்காட்சி வைத்ததுமில்லை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்தை உலுக்கிய பெருமழை இடுக்கி மலைகளையும் விட்டுவைக்கவில்லை. வீட்டின் ஒரு சுவர் முழுவதும் ஓதம் ஏறிவிட்டது. முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ள, போடிக்கே திரும்பிவிடுவதென முடிவு செய்தார். அப்போது அங்கே 120 தாள்களும், கண்ணாடிச் சட்டமிட்ட 9 படங்களும் இருந்தன. அவற்றைக் கீழே கொண்டுவரும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஐப்பசி மாதம், தூறல் விடாத ஒரு நாளில் முதல் கட்டை எடுத்து வந்தேன். மழையிலிருந்து காப்பதுதான் என் ஒரே எண்ணமாக இருந்தது. பதினொரு பெரிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே செய்தித்தாள் வைத்து, பபிள் ராப் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் உறையிட்டு, ஓரங்களையெல்லாம் டேப்பால் ஒட்டினேன். ஒரு துளி நீர் உள்ளே போகாது என்று பெருமைப்பட்டேன். உண்மையில் போகவுமில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கட்டு பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. பருவத் தேர்வு, விடைத்தாள் திருத்தம் என நாற்பது நாள் அதைப் பிரிக்கவில்லை.

பிரித்தபோது முதலில் வந்தது வாடை. தாள்களின் மீது சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. ஈரத்தில் இளகிய வண்ணம் செய்தித்தாளோடு ஒட்டிக்கொண்டு, எழுத்துகள் ஓவியத்தில் பதிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த மூடுபனி ஓவியத்தில் பபிள் ராப்பின் குமிழ்கள் வரிசை வரிசையாக வட்டத் தடங்களைப் பதித்திருந்தன. வெளியிலிருந்து நீர் வரவில்லை. மலையின் ஈரத்தை நானே தாளோடு சேர்த்து உள்ளே பூட்டியிருந்தேன்.

அவரிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. சொன்னேன். வெகுநேரம் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பச்சைக் காயை யாராவது மூட்டை கட்டுவாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கேள்வியை நான் பல மாதம் சுமந்தேன். போடியில் பிறந்த எவனுக்கும் அதன் விடை தெரிந்திருக்க வேண்டும். செடியிலிருந்து பறித்த ஏலக்காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். தோட்டத்து ஸ்டோரில் இளஞ்சூட்டில் ஒரு பகலும் ஓரிரவும் உலர்த்தி, அதை 10 முதல் 12 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்த பிறகே சாக்கில் கட்டுகிறார்கள். அந்தச் சாக்கின் உட்புறமும் பாலித்தீன் உறை உண்டு. ஆகவே மூடிக் கட்டுவது குற்றமன்று. உலராததை மூடிக் கட்டுவதே குற்றம். ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்துவிட்டது. மேகத்துக்கு ஊடாகத் தொங்கி இறங்கிய அந்தத் தேயிலை கெடாமல் போனதற்குக் காரணம் பெட்டி மட்டுமல்ல, பெட்டியில் இடுவதற்கு முன் அது நன்கு உலர்ந்திருந்ததும்தான். இந்தச் சரிவுகளில் சரக்கு இறக்கிய அனைவரும் அறிந்த பாடத்தை முதுகலைத் தமிழ் படித்த நான் அறியாமல் இருந்தேன்.

என் துறை சார்ந்த பாடத்தையும் மறந்திருந்தேன் என்பது கூடுதல் வெட்கம். ஓலைச்சுவடிகளை நம் முன்னோர் காற்றுப்புகா உறையில் இட்டதில்லை. மரச்சட்டங்களுக்கிடையே அடுக்கி, துணியால் பொதிந்து வைத்தார்கள். பொதிதல் என்னும் சொல்லில் மூடுதலும் உண்டு, ஏந்திக் காத்தலும் உண்டு. துணி ஈரத்தை அடியோடு தடுப்பதில்லை. வெளியே ஏறி இறங்கும் ஈரம் உள்ளே மெல்ல மெல்லச் சென்று சேரும்படி செய்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சிறு துணிப்பைகளில் கட்டிச் சுவடிகளுக்கு அருகே வைக்கும் வழக்கம் உண்டு. அதன் மணம் பூச்சிகளை அண்டவிடாது. மணம் குறையும்போது பொட்டலத்தை மாற்றவேண்டும். அப்பட்டியலில் ஏலம் இல்லை என்பது போடிக்காரனுக்குச் சிறு மனக்குறை.

மறுபயணத்திற்கு மாசி வரை காத்திருந்தோம். மலையில் காற்று உலர்ந்திருக்கும் காலம் அதுதான். எஞ்சிய 109 தாள்களையும் ஓதமில்லாத அறையில், நேர்வெயில் படாமல், கொடிகளில் துணி விரித்து அதன்மேல் மூன்று நாள் காற்றாட வைத்தோம். ஸ்டோரிலேயே ஓரிரவு வைத்துவிடலாமே என்றார் தோட்டத்துக் கணக்கர். ஏலத்துக்கு ஏற்ற சூடு தாளைச் சுருட்டிவிடும், வண்ணத்தை வெடிக்க வைக்கும் என்று வாத்தியார் மறுத்துவிட்டார்.

இடையில் வைக்க, கையால் செய்த பருத்தித் தாள் வாங்கியிருந்தேன். செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள அமிலம் அதையும் பழுப்பாக்கி, தொட்டுக்கொண்டிருப்பதையும் பழுப்பாக்கும். தாள்கட்டுகளைப் பொதிய என் தந்தையாரின் பழைய வேட்டிகள் உதவின. பலமுறை துவைத்து மென்மையானவை. கஞ்சியை மட்டும் முற்றிலும் அலசிவிட வேண்டும். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சிக்கு நாமே விருந்து வைத்ததாகும். மேலும் கீழும் தட்டையான பலகைகள் வைத்து, நூல்நாடாவால் இறுக்காமல் கட்டினோம். மூலிகைப் பொட்டலங்களைத் தாளில் படாதவாறு பெட்டியின் மூலைகளில் வைத்தோம். ஓலைக்குத் தடவும் புல்தைலத்தை இங்கே பயன்படுத்தக்கூடாது. தாளில் அது கறையாகவே நிற்கும்.

கண்ணாடிச் சட்டங்களுக்குத்தான் பபிள் ராப் இல்லாமல் என்ன செய்வதென்று விழித்தோம். விடை தெருவிலேயே இருந்தது. போடி என்றால் ஏலத்துக்கு அடுத்து இலவம் பஞ்சு. அதன் இழை உள்ளே குழலாகவும் மேலே மெழுகுத் தன்மையோடும் இருப்பதால் எளிதில் நீரை ஏற்காது; முற்காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்கு அதைத்தான் அடைத்தார்கள். மெத்தை தைக்கும் ஒருவரிடம் சொல்லி, கொட்டை நீக்கி வெயிலில் காயவைத்த பஞ்சை அடைத்து, ஒரு சாண் அகலத்தில் சிறு திண்டுகள் தைத்துக்கொண்டோம். பஞ்சை அப்படியே திணித்தால் இழைகள் எங்கும் ஒட்டும். உறையிட்டுத் தைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தீ அருகே மட்டும் கொண்டுபோகக் கூடாது. சட்டங்களின் நான்கு மூலைகளுக்கும் திண்டு கொடுத்து, கண்ணாடியின் மேல் தாள்நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினோம். பிறகு படுக்கவைக்காமல், புத்தக அலமாரியில் நூல்களை நிறுத்துவதுபோல் ஜீப்பில் செங்குத்தாக நிறுத்தினோம். படுத்திருக்கும் கண்ணாடி ஒவ்வொரு குழியிலும் நடுவில் வளையும். நிற்கும் கண்ணாடி அப்படி வளைவதில்லை. ஒன்றும் உடையவில்லை.

அதன்பின் அந்த ஓவியங்களை ஏற்றுக்கொள்ளுமாறு இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினேன். பரிசீலிப்பதாக ஒன்றிலிருந்து பதில் வந்தது. இலவு காத்த கிளி என்னும் பழமொழியை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது குரல் கொஞ்சம் மாறுகிறது. வாத்தியார் 2021-இல் மறைந்தார். ஓவியங்கள் என் வீட்டில், வெளிச்சுவரை ஒட்டாத ஒரு மரப்பெட்டியில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் இருக்கின்றன. அந்தத் திண்டுகள் இன்றும் பயன்படுகின்றன. போடிக்கு 2023 ஜூனில் மீண்டும் ரயில் வந்தபிறகு அவருடைய மகள் இரண்டு சட்டங்களைச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். திண்டுகளைத் துவைத்து, காயவைத்து, மறுமுறை வந்தபோது திருப்பித் தந்தார். தெர்மாகோலாக இருந்தால் எந்தக் குப்பைமேட்டில் கிடக்குமோ.

ஒவ்வோர் ஆண்டும் மாசியில் கட்டுகளைப் பிரித்துக் காற்றாட விட்டு, பொட்டலங்களை மாற்றுகிறேன். பூசணம் மற்றவற்றுக்குப் பரவாதிருக்க, கெட்டுப்போன பதினொன்றும் வேறோர் அறையில் தனிக் கட்டாக இருக்கின்றன. அவற்றை எறிந்துவிடலாமா என்று முன்பு ஒருமுறை கேட்டேன். வாத்தியார் பதில் சொல்லாமல் அந்த மூடுபனி ஓவியத்தைக் கேட்டு வாங்கினார். வழக்கமாக ஓவியத்தின் பின்புறம் வரைந்த நாளையும் இடத்தையும் எழுதுவார். அன்று அதன் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்துத் திருப்பித் தந்தார். இந்த மாசியிலும் அதைப் பார்த்தேன், பென்சில் எழுத்து மங்கவில்லை: "ஐப்பசி. தம்பி கட்டியது."